புது ஸ்வெட்டரில் ஒரு கைத்தையல்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அத்தானும் நன்றாக இருப்பீர்கள் என்று நானே எடுத்துக்கொள்கிறேன். பாப்பா எப்படி இருக்கிறாள் என்பதை மட்டும் நீதான் எழுத வேண்டும்.

போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள், வேண்டுமானால் கடிதம் போடு என்று ஜெயிலுக்குச் சொல்லி அனுப்பினாய். இப்போது வெளியே வந்துவிட்டேன். இருந்தாலும் உன் பேச்சை மீறவில்லை பார், கடிதம்தான் எழுதுகிறேன்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்திருக்கிறேன். ஒரே ஜன்னல், அதுவும் பாதிதான் திறக்கும். கட்டில் ஒன்று இருக்கிறது. இன்னொரு சின்னக் கட்டில் போட இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். யாருக்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலையும் கிடைத்துவிட்டது. துணி ஆல்டரேஷன் கடை. பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. முதலாளியம்மா என்னிடம் கேட்டார்: "எதுக்கு உள்ள போனே?" "துணிக்கடையில துணி எடுத்தேன், காசு குடுக்காம." "இங்க இருக்கறதெல்லாம் அடுத்தவங்க துணி. காணாமப் போனா என்னைத் தின்னுடுவாங்க. எடுக்காதே." நேர்முகத்தேர்வு அவ்வளவுதான்.

என்னைக் கண்காணிக்க ஒரு அதிகாரி வருகிறார். மூக்கு நுனியில் கண்ணாடி நிற்பதால் நான் அவரைக் கண்ணாடி மேடம் என்கிறேன், மனசுக்குள். வேலையும் வீடும் நிலையாக இருந்தால் நவம்பரில் கோர்ட்டில் பாப்பாவைக் கேட்கலாம் என்கிறார். ஆனால் இப்போது வளர்க்கிற நீ சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுவிடு. நீ கேட்டுக்கொண்டதெல்லாம் நான் செய்தாயிற்று, இது என் முறை.

பாப்பாவின் நெற்றியில் முடி விழுந்தால் ஒதுக்கிவிடு. அவளுக்கு அது பிடிக்கும்.

வாலு


பிப்ரவரி 24

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கடிதத்தில் கண்டேன்.

வேலை கிடைத்தது பற்றி அத்தானுக்கு மிகவும் சந்தோஷம். என்னைவிட அவர்தான் உன்னைப் பற்றி அதிகம் கவலைப்பட்டார். கம்பெனியில் இருவருக்குமே வேலை அதிகம். பில் பிரிவில் நான் ஒருத்திதான் பழைய ஆள், அதனால் எல்லாம் என் தலையில்தான்.

பாப்பா நன்றாகப் படிக்கிறாள். ஒன்று சொன்னால் கோபப்படாதே. இப்போது என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக் கூப்பிடுகிறாள், நான் திருத்தவில்லை.

நீ மாறிவிட்டாய் என்று எழுதவில்லை, வேலை கிடைத்தது என்று மட்டும் எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒன்றல்ல. ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் நீ நிலைக்கு வருவாய் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தானுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், மனைவியை இழந்தவர். உன் கதை தெரிந்தும் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். அவருடைய பெருந்தன்மை யாருக்கு வரும்.

கையெழுத்தைப் பற்றி நவம்பர் வரும்போது பேசலாம். பிள்ளையை ஒரு இடத்திலிருந்து பிடுங்கி இன்னொரு இடத்தில் நடுவது சின்ன விஷயமல்ல.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எலக்ட்ரீஷியனின் பெருந்தன்மையை அவரே வைத்துக்கொள்ளட்டும். திருடியது கை, நீ எதற்குக் காலைக் கட்டுகிறாய்?

கண்ணாடி மேடமும் உன் கட்சிதான். ஏதோ பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்களாம். வேலை, கல்யாணம், பிள்ளை, இதெல்லாம் வந்தால் மனுஷர்கள் தவறான வழியை விட்டுவிடுவார்களாம். "எனக்குப் பிள்ளை வந்த அப்புறம்தானே மேடம் எடுக்கவே ஆரம்பிச்சேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உனக்கும் சொல்கிறேன், நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஆலையில் எங்கள் ஷிப்டை எடுத்துவிட்டார்கள். பாப்பாவின் அப்பன் வேலைக்கென்று போனவன் போனவன்தான். குளிர் வந்தது, பாப்பாவுக்குச் சட்டை இல்லை. முதல் தடவை கை நடுங்கியது என்று எழுதினால் நீ ஆறுதல் அடைவாய். நடுங்கவில்லை. சட்டை என் பைக்குள் இருந்தது, வெளியே வந்தேன், வெயில் அடித்தது. பிறகு அதுவே தொழிலாகிவிட்டது, தேவை தீர்ந்த பிறகும் விடவில்லை.

இப்போது ஏன் எடுப்பதில்லை என்றால், காலையில் போக ஒரு இடம் இருக்கிறது. சாயங்காலம் விரல் எரிகிறது. "நாளைக்குச் சீக்கிரம் வா, அந்தக் கோட்டை உன்னை விட்டா யாரும் பிரிக்க முடியாது" என்று ஒரு அம்மாள் கத்துகிறார். வேறு ரகசியம் எதுவும் இல்லை. நான் திருந்தவில்லை அக்கா, என் நாட்கள் மாறியிருக்கின்றன. அவை மறுபடி மாறினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. இனிமேல் தொடவே மாட்டேன் என்று சூடம் ஏற்றிச் சத்தியம் செய்கிறவளை நீ நம்புவாய், நான் நம்ப மாட்டேன்.

பாப்பா உன்னை அம்மா என்று கூப்பிடுவது எனக்கு வலிக்கிறது. கோபம் வருகிறது, உன் கடிதம் வந்த அன்றைக்கு ஒரு ஜிப்பைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். நீ அவளுக்குப் பெரியம்மா. திருத்து.

வாலு


மே 2

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது, வீடு மாறியதில் எதுவும் கைக்கு அகப்படவில்லை. புது விலாசம் உறையில் இருக்கிறது. பழைய வீட்டைவிடச் சின்னது, ஆனால் காற்று நன்றாக வருகிறது. பெருக்கித் துடைக்கும் வேலை மிச்சம்.

அத்தான் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார். எனக்குக் கம்பெனியில் கொஞ்சநாள் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் ஒரு நாள் லீவு போடாமல் உழைத்தவள் ஆயிற்றே.

நீ சொன்னபடி பாப்பாவிடம் திருத்திவிட்டேன். இப்போது பெரியம்மா என்கிறாள். சில நேரம் மறந்துவிடுகிறாள். உனக்கு ஒரு வரி எழுதித் தருகிறேன் என்று அடம்பிடித்ததால் இந்தத் தாளின் பின்பக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். பூ வரைகிறாள்.

நீ எழுதியதைப் படித்தேன். சூழ்நிலை எல்லோருக்கும்தான் வருகிறது. எல்லோரும் கை நீட்டுவதில்லை. அதை மட்டும் நினைவில் வை.

உன் அறையில் ஜன்னலைச் சரிசெய்யச் சொல். காற்றில்லாமல் இருக்காதே.

அன்புடன்,
அக்கா

(பின்பக்கம், பென்சிலில்)
அம்மா இது உனக்குப் பூ. பெரியப்பா ஷேவிங் பிரஷ் கூட எடுத்துக்கிட்டுப் போயிட்டார். இங்க தண்ணி கீழ இருந்து தூக்கிட்டு வரணும். எனக்குப் புது ஷூ இருக்கு.


மே 13

அக்காவுக்கு,

நான் சௌக்கியம். பூவைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

நீ பின்பக்கத்தைப் படிக்காமல் உறையை ஒட்டிவிட்டாய் என்று நினைக்கிறேன். வெளியூருக்கு வேலையாகப் போகிறவர் சீப்பு எடுத்துப் போவார், துண்டு எடுத்துப் போவார். அத்தானுடைய அந்தப் பிரஷ் மர டப்பாவில் கண்ணாடிக்குக் கீழே இருக்கும். எங்கே போனாலும் அதைத் தொடமாட்டார், வெளியூரில் சலூனுக்குத்தான் போவார். அதைத் தூக்கிக்கொண்டு போனார் என்றால் சாமானைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அத்தான் எங்கே? கம்பெனி திறந்திருக்கிறதா? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். பிரசங்கம் பண்ணினால் கேட்டுக்கொள்கிறேன், பொய் சொல்லாதே. பொய் சொல்வது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் உன்னுடையது கண்ணில் படுகிறது.

நான் வரட்டுமா? ஊரை விட்டுப் போக மேடத்திடம் அனுமதி வாங்க வேண்டும், வாங்கிவிடுவேன்.

வாலு


ஜூலை 6

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீ வர வேண்டாம். அனுமதி அது இது என்று போய்க் கேட்டு உன் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உனக்கு ஒரு ஸ்வெட்டர். அடர் நீலம், உன் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். குளிர் தொடங்கும்போது கையில் இருக்கட்டும். விலையைப் பற்றி யோசிக்காதே, உனக்கு நான் செய்யாமல் யார் செய்வார்கள்.

பாப்பாவுக்குப் பல் விழுந்தது. மழைக்குப் புதுக் கோட்டு ஒன்று வேண்டுமாம், பார்த்துவைத்திருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னை எப்படிப் பிடித்தார்கள் என்று நீ சொன்னதே இல்லை. கோர்ட்டில் சொன்னது என் காதில் ஏறவில்லை. கடையில் நிற்கிற காவலாளிகள் முதலில் எதைப் பார்ப்பார்கள், பையையா, முகத்தையா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூலை 15

அக்காவுக்கு,

ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறது.

கடையில் போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கச் சொன்ன முதலாளியம்மா, "புதுசுதானே? கக்கத்துல எதுக்குத் தைச்சிருக்கு?" என்றார். நானும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

உனக்கு ஒன்று சொல்லித்தருகிறேன். பெரிய கடைகளில் துணியில் ஒரு பிளாஸ்டிக் வில்லை குத்தியிருப்பார்கள், அதோடு வாசலைத் தாண்டினால் மணி அடிக்கும். காசு கொடுத்தால் அவர்களே இயந்திரத்தில் வைத்துக் கழற்றித் தருவார்கள். ஊசி போன இடம் தானாக மூடிக்கொள்ளும். பிய்த்து எடுத்தால் மட்டும்தான் பட்டாணி அளவுக்குக் கிழியும்.

இந்த ஸ்வெட்டரில் கிழிந்த இடத்தை, இதன் அடி ஓரத்திலிருந்தே நூலை உருவி, அதே நிறத்தில், சாதாரணக் கண்ணுக்குத் தெரியாமல் அடைத்திருக்கிறது ஒரு கை. என் பள்ளிக்கூடப் பாவாடை முழுக்க அந்தக் கை இருந்தது. வேறு யாரும் அப்படித் தைத்து நான் பார்த்ததில்லை, இந்தக் கடையில்கூட.

திருடுகிறவள் தைக்க மாட்டாள், விற்றுவிடுவாள். வாங்கினவளுக்குத் தைக்க வேண்டிய அவசியமில்லை. எடுத்தும் எடுத்துவிட்டு, பொத்தலோடு கொடுக்க மனசு வராமல் உட்கார்ந்து தைக்கிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. அம்மாள் முன்னால் இரண்டையும் அடக்கினேன்.

பையையா முகத்தையா என்று கேட்டாய். முகத்தைத்தான் பார்ப்பார்கள். உன் முகத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதுதான் உனக்கு ஆபத்து, நிறுத்தவே தோன்றாது. என்னைப் பிடித்தது காவலாளியின் சாமர்த்தியம் இல்லை. பாப்பா என் இடுப்பில் இருந்தாள், அவள் போர்வைக்குள் சட்டைகள் இருந்தன, அவளுக்குப் புழுக்கம் தாங்காமல் போர்வையை உதறிவிட்டாள். பிள்ளையை வைத்துக்கொண்டு செய்தாள் என்றுதான் எனக்குத் தண்டனை கூடியது. கோர்ட் வராந்தாவில் நீயும் அதையேதான் சொல்லித் திட்டினாய்.

பாப்பாவின் ஷூ எங்கிருந்து வந்தது? அந்த மழைக்கோட்டை எங்கே பார்த்துவைத்திருக்கிறாள், யாரோடு போய்ப் பார்த்தாள்?

அவளைக் கூட்டிக்கொண்டு போகாதே. நீ மாட்டினால் பாப்பா எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. அக்கா தங்கை இரண்டு பேரும் கை நீளம் என்று எழுதி அவளை விடுதியில் போடுவார்கள். என்ன நடந்தது என்று சொல். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், எனக்கு அந்தத் தகுதியும் இல்லை, ஆசையும் இல்லை.

வாலு


ஆகஸ்ட் 19

தங்கைக்கு,

இங்கு எல்லோரும் சுகம்.

யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய்? நம்மைப் பெற்றவர்கள் போன பிறகு உனக்குச் சோறு போட்டவள் நான். உன் பிள்ளையை என் பிள்ளையாக வளர்க்கிறவள் நான். ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவளுக்கு உலகம் முழுக்கத் திருட்டாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. தள்ளுபடி விற்பனையில் சின்னக் குறை இருந்த ஸ்வெட்டர், அதைத் தைத்தேன். அதற்குப் பட்டாணி, வில்லை என்று பாடம் நடத்துகிறாய்.

நவம்பர் கையெழுத்தைப் பற்றி இனிமேல் என்னிடம் பேசாதே. இப்படி வாய் நீளுகிறவளிடம் பிள்ளையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


செப்டம்பர் 21

அக்காவுக்கு,

நான் சுகமா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

இன்று கண்ணாடி மேடம் கடைக்கு வந்தார். கூட்டம் இருந்த நேரம். உன் ஊர் ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்ததாம். கடை வாசலில் மணி அடித்ததாம். பாப்பா போட்டிருந்த மழைக்கோட்டில் வில்லை இருந்ததாம், பழைய கோட்டு உன் பையில் இருந்ததாம். பிள்ளை ஆசையில் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டாள் என்றாயாம். வீட்டில் பார்த்தால் அலமாரி நிறையப் புதுத் துணி. அதற்கு என்ன சொன்னாய் என்று மேடம் படித்துக் காட்டினார். "என் தங்கை அனுப்பியவை. அவள் ஏற்கெனவே ஜெயிலுக்குப் போனவள்."

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நீல ஸ்வெட்டர் என் மிஷினுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அது என் கையில் இருந்தால் என் கதை முடிந்தது. முதலாளியம்மா எழுந்துபோய் அதை எடுத்து, உதறி, மடித்துத் தன் நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே ஒரு கஸ்டமருக்கு இடுப்பளவு எடுத்தார். மேடம் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

"நீ எடுத்ததா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல."

"அப்ப யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"இப்படிப் பேசினா நவம்பர்ல உனக்காக நான் ஒரு வரி எழுத முடியாது. குழந்தை விடுதிக்குத்தான் போகும். புரியுதா?"

"புரியுது மேடம். எடுத்தவங்களே வந்து சொல்வாங்க."

"அவ்வளவு நம்பிக்கையா?"

"நம்பிக்கைன்னு இல்ல. எனக்கு வேற வழியில்ல."

கடையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும். நான் தலையைக் குனியவில்லை, குனிய எனக்குக் காரணம் ஒன்றும் இல்லை.

உன் பெயரை ஏன் சொல்லவில்லை தெரியுமா? உன்னைக் காட்டிக்கொடுத்துப் பாப்பாவை வாங்கினால், பெரியம்மா எங்கே என்று அவள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் நான் என்ன சொல்வேன்? அதற்காக உன் பழியைச் சுமப்பேன் என்று நினைக்காதே. ஆணி அடித்தமாதிரி எழுதுகிறேன். நான் செய்ததற்கு நான் இருந்துவிட்டு வந்தேன். நீ செய்ததற்கும் நான் இருக்க மாட்டேன். ஒரு தடவை திருடியவள் என்பதால் ஊரில் எது காணாமல் போனாலும் என் தலையில் கட்டலாம் என்று காவலாளி நினைக்கலாம், மேடம் நினைக்கலாம். நீ நினைத்தாயே.

போய்ச் சொல். உன் வாயால் சொல். நவம்பர் பக்கத்தில் வந்துவிட்டது.

வாலு


அக்டோபர் 17

வாலு,

இங்கு யாரும் சுகமில்லை. முதல் வரியில் அதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி பழைய வரியையே எழுதிவிடுவேன்.

கம்பெனியைப் பிப்ரவரி கடைசியில் பூட்டினார்கள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திட்டினேன். ஒரு நாள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாப்பா எழுதியது உண்மை, நான்தான் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் என் வயதைப் பார்த்தார்கள், "சொல்லியனுப்பறோம்மா" என்றார்கள்.

முதலில் பாப்பாவின் ஷூ. பழையது கிழிந்து விரல் வெளியே தெரிந்தது. என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் நல்லவளாக இருந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். எனக்கும் கை நடுங்கவில்லை வாலு. உன் கடிதத்தை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தேன்.

ஸ்வெட்டர் எடுத்தபோது ஒரு தேவையும் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அப்போது தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன், அடுப்பு எரிந்தது. ஆனால் எப்போதும் உனக்குக் கொடுக்கிறவள் நான். அந்த இடத்திலிருந்து இறங்க எனக்கு மனசு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. ஆனால் யாரிடமும் அழுது மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, கேட்டால் அந்தக் கம்பெனிதான் முதலில் என்னிடம் கேட்க வேண்டும். உன்னிடம் மட்டும் கேட்கிறேன். ஸ்டேஷனில் உன் பெயர் என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைத்தான் மறக்க முடியவில்லை.

உன் கடிதம் வந்து பல நாள் பிரிக்கப் பயந்து வைத்திருந்தேன். பிரித்த மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். நம்பவில்லை. "தங்கச்சியைக் காப்பாத்தப் பாக்கறீங்க, போங்கம்மா" என்றார் அங்கிருந்த போலீஸ் பெரியவர். திரும்பப் போனேன். நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், அப்போதும் நம்பவில்லை. நீ எடுக்கவில்லை என்று சொன்னால் உன்னை நம்பவில்லை, நான் எடுத்தேன் என்று சொன்னால் என்னை நம்பவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்த மழைக்கோட்டைக் கொண்டுவரச் சொன்னேன், வாசலில் காவலாளி வில்லையைப் பிடித்து இழுத்ததில் கிழிந்த பொத்தலோடு அங்கேதான் இருந்தது. என் பையில் ஊசி இருந்தது. அதன் மடிப்பிலிருந்து நூலை உருவி, அவர்கள் மேஜையிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். அலமாரியிலிருந்து எடுத்துப்போன துணிகளை அப்புறம்தான் உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் அதே தையல், தங்கை அனுப்பியபடியே இருக்கிறது என்று முதலில் நான் சொல்லியிருந்த துணிகளில். பெரியவர் ஒரு தையலை விரலால் தடவிப் பார்த்தார். "அம்மா, இதையெல்லாம் நீங்க தைக்காம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். தெரியும் என்றேன்.

முதல் தடவை என்பதால் எச்சரித்து விட்டார்கள். துணிகளைக் கடைக்கே திருப்பியாயிற்று. எனக்கும் ஒரு கண்காணிப்பு அதிகாரி போட்டிருக்கிறார்கள். இவர் கண்ணாடி போடவில்லை. ஆனால் கல்யாணம், பிள்ளை என்று ஆரம்பித்தார், "வேலை வாங்கிக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன். உன் வாய் எனக்கும் வந்துவிட்டது போல.

சம்மதத்தில் கையெழுத்துப் போட்டு மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். பாப்பாவை நீயே வந்து கூட்டிப் போ. நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்கிவிட்டால் அவளுக்குப் பிடிக்கிறது, நீ சொன்னது சரி.

நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். என்னைத் தேட வேண்டாம்.

அக்கா


நவம்பர் 26

அக்காவுக்கு,

பாப்பா சுகம். நானும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் வாசலில் நின்றபோதே பார்த்துவிட்டேன், எழுத வேண்டாம். பாதியாகிவிட்டாய்.

கோர்ட் சம்மதித்துப் பாப்பா வந்த முதல் நாள் கடைக்கு வந்து எல்லா மிஷினுக்கும் பெயர் வைத்தாள். என்னை அம்மா என்கிறாள். உன்னையும் சில நேரம் வாய் தவறி அம்மா என்கிறாள். நான் திருத்தவில்லை.

கண்ணாடி மேடத்திடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். நீ இந்த ஊருக்கு வந்தால் உன்னையும் அவரே பார்த்துக்கொள்வாராம். "ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கறது நல்லதில்லன்னு எங்க பயிற்சியில சொல்லியிருக்காங்க" என்றார். "பயிற்சியில ஊசி பிடிக்கச் சொல்லிக்குடுத்தாங்களா?" என்றேன். கண்ணாடியைத் துடைத்தார்.

கடையில் இரண்டாவது மிஷின் சும்மா கிடக்கிறது. கைத்தையலுக்கு ஆள் இல்லாமல் நல்ல நல்ல கம்பளிகளைத் திருப்பி அனுப்புகிறோம். முதலாளியம்மா அந்த ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்கக்காவை நம்பிக் கடைய விட்டுட்டுப் போலாமா?"

"என்னைச் சேத்தப்ப இதைக் கேக்கலையே?"

"உனக்குச் சொன்னேனே, எடுக்காதேன்னு. அவளுக்கும் அதைச் சொல்லிடு."

சொல்லிவிட்டேன். எடுக்காதே.

நீ கெட்டுப்போகவில்லை அக்கா, உன் நாட்கள் மாறின, அவ்வளவுதான். அதை நல்லபடி மாற்ற ஒரு மிஷினும் ஒரு கத்துகிற அம்மாளும் போதுமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இதுவரை போதுமாயிருக்கிறது. ஸ்வெட்டரை மட்டும் நீயே வந்து எடுத்துப்போய் அந்தக் கடையில் கொடுக்க வேண்டும். நானும் துணைக்கு வருகிறேன், வாசலில் நின்றுகொள்கிறேன். உள்ளே வந்தால் காவலாளி உன்னை விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பான்.

பெரியம்மாவுக்குக் கட்டில் எங்கே என்று பாப்பா தினமும் கேட்கிறாள். நேற்று அவளும் நானும் நாடாவை ஆளுக்கொரு முனையில் பிடித்து அறையை அளந்தோம். சுவரோடு ஒட்டி அளந்தோம், ஜன்னல் பக்கம் அளந்தோம், மேஜையை வெளியே தள்ளிவிட்டும் அளந்தோம். மூன்றாவது கட்டில் போட இடமே இல்லை.

வா.

வாலு